பிளக் மீட்டரின் எண்ணிக்கையை வைஃபையில் வெளியே கொண்டுவந்தது: முழு விவரம்

ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் சாப்பிடுகிறது என்று பார்க்கத்தான் அந்த பிளக் மீட்டரை வாங்கினேன். சுவர் சாக்கெட்டில் அதைச் செருகி, அதன் முகத்தில் ஃபிரிட்ஜின் பிளக்கைச் செருக வேண்டும், சின்னத் திரையில் வாட், வோல்ட், யூனிட் எல்லாம் வரும். ஆனால் சாக்கெட் இருப்பது ஃபிரிட்ஜுக்குப் பின்னால். திரையைப் படிக்க ஒவ்வொரு முறையும் ஃபிரிட்ஜை இழுக்க வேண்டும், இழுத்தால் கதவு லேசாக விலகும், குளிர் கொஞ்சம் போகும், கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கும். அளக்கப் போனதே அளவை மாற்றிவிடுகிறது. அதோடு, எனக்கு வேண்டியது மொத்தக் கணக்கு மட்டும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு யாரும் கதவைத் திறக்காதபோது அது எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் ஓய்கிறது என்பதும் வேண்டும். அதைத் திரை ஒருபோதும் சொல்லாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் திறந்தது நம் சொந்தப் பிளக் மீட்டரை. வீட்டு வாசலில் சீல் வைத்திருக்கும் மெயின் மீட்டரை யாரும் திறக்கக் கூடாது, அது சட்டத்துக்கும் புறம்பு, உயிருக்கும் ஆபத்து. மெயின் மீட்டர்தான் வேண்டும் என்றால், அதன் முகப்பில் சிவப்பாக மினுக்கும் எல்இடி ஒன்று இருக்கும், பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு 1000 அல்லது 1600 அல்லது 3200 மினுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். வெளியிலிருந்து ஒரு ஒளி உணரியை அதன்மேல் ஒட்டி எண்ணிக்கொண்டாலே போதும், திருகாணியைத் தொட வேண்டிய வேலையே இல்லை. இந்த வேலை முழுக்க என் மனதில் இருந்த முன்மாதிரி அதுதான்: எண்ணுவதை மீட்டர் எண்ணட்டும், நாம் எண்ணிக்கையை மட்டும் தூக்கி வருவோம்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு, அதுதான் பிரபலமான வழி. 2009இல் அடாஃபுரூட் என்ற மின்னணு உதிரிப்பாக நிறுவனத்தின் லிமோர் ஃபிரைடும் பில் டோரோனும் ட்வீட்-எ-வாட் என்று ஒன்றைச் செய்து வெளியிட்டார்கள். கில்-எ-வாட் என்ற பிளக் மீட்டரைத் திறந்து, உள்ளே சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்பின் கால்களிலிருந்து மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டின் அலைகளையும் அப்படியே எடுத்து, எக்ஸ்பீ என்ற சின்ன ரேடியோ வழியாக அனுப்பினார்கள். பெருக்கி வாட்டாக மாற்றும் வேலை கணினியில் நடந்தது. அழகான வேலை, பலருக்கு இந்த ஆர்வத்தையே அதுதான் கொடுத்தது. ஆனால் மீட்டரின் சொந்தச் சப்ளையால் ரேடியோவைத் தொடர்ந்து ஓட்ட முடியாது, அதனால் மின்சாரத்தைத் தேக்கிவைக்க 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்து, இரண்டு விநாடிக்கு ஒருமுறை மட்டும் எழுப்பி, ஒரு சுற்று அலையை அளந்து, மறுபடி தூங்கவைத்தார்கள். நடுவில் நடப்பதைக் கணக்கில் ஊகித்துக்கொள்வதுதான். கம்ப்ரசர் போல நிதானமாக ஓடும் பொருளுக்கு அது பரவாயில்லை. எனக்கு ஒரு பல்ஸ்கூட, அதாவது மீட்டர் எண்ணும் ஒரு துடிப்புகூட, விடுபடாத கணக்கு வேண்டியிருந்தது.

மூடியைத் திறந்தேன். திறப்பதற்கு முன் சாக்கெட்டிலிருந்து எடுத்து கால் மணி நேரம் ஓரமாக வைத்தேன், அப்புறம் பெரிய கெப்பாசிட்டரின் இரு முனையையும் மல்டிமீட்டரில் பார்த்து, மிச்ச மின்னழுத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். உள்ளே எட்டுக் கால் கொண்ட எச்எல்டபிள்யூ8012 என்ற அளவீட்டுச் சிப், மின்னோட்டத்தை அளக்க உதவும் 1 மில்லிஓம் ஷண்ட் ரெசிஸ்டர், மெயினிலிருந்து மீட்டரின் சொந்தச் சப்ளைக்குக் கொஞ்சம் மின்னோட்டத்தை மட்டும் விடும் மஞ்சள் நிற 0.33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், திரையை ஓட்டும் கறுப்புப் பொட்டுச் சிப். எச்எல்டபிள்யூ8012ஐப் பார்த்ததும் மனசு லேசாகிவிட்டது. அதன் ஆறாவது கால், சிஎஃப் என்று பெயர், செலவாகும் மின்சக்திக்கு ஏற்ற வேகத்தில் சதுர அலையாகத் துடிக்கும். வாட் கூடினால் துடிப்பு வேகமாகும், குறைந்தால் மெதுவாகும். கறுப்புப் பொட்டும் அதைத்தான் எண்ணித் திரையில் போடுகிறது.

சிப்பின் சூத்திரத்தில் ஷண்ட்டையும் மெயின் மின்னழுத்தத்தைச் சிப்புக்கு ஏற்பக் குறைக்கும் பிரிப்பானையும் (470 கிலோஓம் ரெசிஸ்டர் ஐந்து, 1 கிலோஓம் ஒன்று) போட்டுப் பார்த்தால் 100 வாட்டுக்கு விநாடிக்குச் சுமார் 9.7 துடிப்பு வருகிறது, அதாவது ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 3,48,000. இது தாள் கணக்கு. என் மீட்டரில் உண்மையில் எவ்வளவு என்பதை அப்புறம் அளந்தேன்.

இப்போது ஆபத்தான இடம். இதை நிறுத்திப் படியுங்கள். இந்த மாதிரி மீட்டருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சிப்பின் ‘கிரவுண்ட்’ என்பது நேராக மெயின் கம்பியோடு ஒட்டியது. பெயர்தான் கிரவுண்ட், பிளக்கைத் திருப்பிப் போட்டால் அதில் முழு 230 வோல்ட்டும் நிற்கலாம். அந்தக் கிரவுண்டை ஒரு வைஃபை போர்டின் கிரவுண்டோடு இணைத்து, அந்தப் போர்டை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்பில் செருகினால் என்ன ஆகும்? லேப்டாப்பின் எர்த் வழியாக மெயின் பாயும். போர்டு, லேப்டாப் இரண்டும் போகும், நடுவில் கை வைத்திருப்பவர் கதி அதைவிட மோசம். 5 வோல்ட் சிக்னல்தானே என்று நம்பி ஆசிலோஸ்கோப்பின் கிளிப்பை மாட்டுவதும் இதே தப்புதான். ஆகவே எண்ணிக்கை மட்டும் தாண்டிப் போக வேண்டும், செம்பு தாண்டக் கூடாது. அதற்கு ஆப்டோகப்ளர்: உள்ளே ஒரு சின்ன எல்இடி, எதிரே ஓர் ஒளி டிரான்சிஸ்டர், நடுவில் ஒளி மட்டும். நான் போட்டது பிசி817, 5000 வோல்ட் வரை தடுப்பதாக மதிப்பிடப்பட்டது.

வைஃபைக்கு இஎஸ்பி8266 என்ற, நிரல் ஏற்றக்கூடிய சின்ன வைஃபை சிப் உள்ள போர்டு. மீட்டரின் சொந்தச் சப்ளையிலேயே அதை ஓட்டலாமா என்ற ஆசை எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது, கணக்குப் போட்டுப் பார்த்ததும் போய்விட்டது. 0.33 மைக்ரோஃபாரட், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அரை அலை என்றால் கிடைப்பது மொத்தமே 10 மில்லிஆம்பியரை ஒட்டித்தான். இஎஸ்பி8266 வைஃபையில் அனுப்பும் கணத்தில் 170 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் அதே கெப்பாசிட்டர் இன்னும் குறைவாகத்தான் தரும். ஆகவே தனிச் சப்ளை: எச்எல்கே-பிஎம்01 என்ற தீப்பெட்டி அளவு கட்டி, மெயினை வாங்கி, தனிமைப்படுத்திய 5 வோல்ட்டில் 600 மில்லிஆம்பியர் தரும். அதன் முன்னால் ஃபியூஸ் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். அதற்கு மின்சாரத்தை ஷண்ட்டுக்கு முன்னாலேயே எடுத்தேன், இல்லையென்றால் வைஃபை போர்டு சாப்பிடுவதும் ஃபிரிட்ஜ் கணக்கில் ஏறிவிடும். எல்லாம் சேர்த்து அரை வாட் என்று வைத்தாலும் வருஷத்துக்கு நாலரை யூனிட் பக்கம் வருகிறது. அளப்பதற்கு நாம் கொடுக்கும் கூலி அது, மறக்கக் கூடாத கணக்கு.

அடுத்து வந்தது முதல் கோளாறு. ஆப்டோகப்ளரின் எல்இடிக்கு வழக்கமாகக் கையில் எடுக்கும் 330 ஓம் ரெசிஸ்டரைப் போட்டேன். லோடாக, அதாவது மின்சாரம் இழுக்கும் பொருளாக, 1000 வாட் ஹீட்டரைச் செருகிப் பார்த்தேன், பல்ஸ் அருமையாக வந்தது, திரையும் சரி. ஃபேனைச் செருகினேன், சரி. மொபைல் சார்ஜரைச் செருகினேன், திரை மெல்ல மங்கியது, அணைகிற நிலைக்குப் போய்த் திரும்ப வந்தது, மறுபடி மங்கியது. சாக்கெட்டில் தளர்வு, சால்டர் சரியில்லை, திரை கெட்டுவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு ஒரு சாயங்காலம் போனது. மங்குவதும் வருவதும் ஒரே தாளத்தில் இருப்பதைக் கவனித்த பிறகுதான் பிடிபட்டது. சிஎஃப் கால் பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே. பெரிய லோடில் மேலே நிற்பது சில மில்லிவிநாடிதான், கெப்பாசிட்டரில் தேங்கியிருப்பது அதைச் சமாளித்துவிடும். 2 வாட் லோடில் ஒரு துடிப்பு முழுசாக ஐந்து விநாடி, அதில் இரண்டரை விநாடி எல்இடி எரிந்துகொண்டே 10 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. சப்ளை தருவதே மொத்தம் அவ்வளவுதான், மீட்டருக்கு எதுவும் மிச்சமில்லை. 2.2 கிலோஓம் போட்டதும் இழுப்பு 1.7 மில்லிஆம்பியருக்கு இறங்கியது, மங்கல் போயிற்று. எதிர்ப்பக்கம் சிக்னலை மேலே பிடித்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 10 கிலோஓம் என்பதால் டிரான்சிஸ்டருக்கு அந்த வெளிச்சமே தாராளம். பெரிய லோடை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இது கடைசிவரை தெரிந்திருக்காது. சின்ன லோடிலும் சோதியுங்கள்.

பெட்டி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெயின் பக்கம் மீட்டருக்குள்ளேயே இருக்கட்டும், வைஃபை பக்கம் தனிப் பெட்டியில், இரண்டுக்கும் நடுவே போர்டில் ஒரு பிளவு வெட்டி, ஆப்டோகப்ளர் அந்தப் பிளவின் மேல் பாலம்போல உட்கார வேண்டும், கீழே எந்தச் செம்புத் தடமும் ஓடக் கூடாது. கம்பிகளைச் சூட்டுக் குழாயால் மூடி, இழுத்தாலும் வராதபடி கட்டினேன். மூடிய பிறகுதான் சாக்கெட்டில் போட்டேன், திறந்து வைத்துக்கொண்டு ஒருபோதும் இல்லை. நிரல் ஏற்ற யூஎஸ்பி செருகும்போது மீட்டர் மேசைமேல், பிளக் வெளியே. ஆப்டோகப்ளர் இருக்கிறது என்றாலும் இந்தப் பழக்கத்தை விடவில்லை.

பல்ஸ் இஎஸ்பி8266இன் எந்தக் காலுக்குப் போகிறது என்பதும் முக்கியம். முதலில் ஜிபிஐஓ 0 என்ற காலில் கொடுத்திருந்தேன். மின்சாரம் போய் வந்தால் சில தடவை போர்டு உயிர் பெறும், சில தடவை பெறாது. அந்தக் கால் தொடக்கத்தில் கீழே இருந்தால் இஎஸ்பி8266 நிரல் வாங்கும் நிலைக்குப் போய் உட்கார்ந்துவிடும். பல்ஸோ பாதி நேரம் அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது. ஜிபிஐஓ 5க்கு மாற்றினேன், தீர்ந்தது.

நிரலில் ரசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஹீட்டரை ஓட்டி, திரையில் யூனிட்டின் கடைசி இலக்கம் மாறும் கணத்தில் எண்ண ஆரம்பித்து, இரண்டு யூனிட் கழித்து இலக்கம் மாறும் கணத்திலேயே நிறுத்தி, என் மீட்டருக்கு யூனிட்டுக்கு 3,43,000 பல்ஸ் என்று கண்டேன். இலக்கம் மாறும் கணத்தைப் பிடிப்பதால், 0.01 யூனிட் வரைதான் காட்டும் திரையிலிருந்தும் நல்ல துல்லியம் கிடைக்கிறது. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், அதை 3,43,000ஆல் வகுத்தால் ஒரு பல்ஸுக்கு 10.5 ஜூல். அவ்வளவுதான், இனி வாட் வேண்டுமென்றால் 10.5ஐ இரண்டு பல்ஸுக்கு இடைப்பட்ட விநாடியால் வகுத்தால் போதும். பல பேர் செய்வதுபோல ‘ஐந்து விநாடியில் எத்தனை பல்ஸ்’ என்று எண்ணினால் 1 வாட் லோடுக்கு ஒருமுறை 0, அடுத்தமுறை 1 என்று வரும், கிராஃப் 0க்கும் 2.1க்கும் நடுவே பல்லிளிக்கும். இடைவெளியை அளந்தால் அதே 1 வாட் நேர்கோடாக நிற்கும்.

இந்த முறையில் ஒரு பொறி உண்டு. லோடு சட்டென்று நின்றால் அடுத்த பல்ஸ் வரவே வராது, கடைசியாகக் கணக்கிட்ட 85 வாட் அப்படியே கிராஃபில் உறைந்துவிடும். அதனால் கடைசிப் பல்ஸ் வந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று பார்த்து, 10.5ஐ அதனால் வகுத்து, அதைவிட அதிகமாக வாட் காட்டாதே என்று ஒரு வரி சேர்த்தேன். கம்ப்ரசர் நின்றதும் கோடு வழுக்கிக்கொண்டு கீழே இறங்குவது அந்த ஒரு வரியின் வேலை. கம்ப்ரசர் நிற்கும் நொடியில் சில பொய்ப் பல்ஸும் வந்தன. 16 ஆம்பியர் முழு லோடிலும் இரண்டு பல்ஸுக்கு இடையே இரண்டரை மில்லிவிநாடிக்கு மேல் இருக்கும் என்பதால், 1 மில்லிவிநாடிக்குள் வரும் எதையும் தள்ளிவிட்டேன்.

அனுப்புவது எம்க்யூடிடியில் (சின்னக் கருவிகள் ஒரு சர்வர் வழியாகச் செய்தி பரிமாறும் முறை), 30 விநாடிக்கு ஒருமுறை. என்ன அனுப்புகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். ‘இந்த 30 விநாடியில் இவ்வளவு’ என்று அனுப்பினால் ஒரு செய்தி தொலைந்தாலும் அந்தக் கணக்கு நிரந்தரமாகப் போயிற்று. ‘இதுவரை மொத்தம் இவ்வளவு’ என்று அனுப்பினால் பத்துச் செய்தி தொலைந்தாலும் பதினோராவது வந்ததும் கணக்கு நேராகிவிடும். ஃபிரிட்ஜின் பின்பக்கத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே வைஃபை திணறுகிற இடத்தில் இதுதான் என்னைக் காப்பாற்றியது (பெட்டியை ஒரு முழம் கம்பியில் பக்கவாட்டுக்கு நகர்த்தியது மீதி உதவி). போர்டு மறுபடி தொடங்கும்போது பழைய மொத்தம் மறந்துபோகும் என்பதால், மொத்தத்தைச் சர்வரே தக்கவைக்கும் செய்தியாக அனுப்பி, தொடங்கியதும் அதையே திரும்ப வாங்கிக்கொள்கிறது. போர்டின் ஃபிளாஷ் நினைவகத்தில் நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதினால் அந்த நினைவகம் சீக்கிரம் தேய்ந்துபோகும், அதனால் இந்த ஏற்பாடு. பழைய மொத்தம் கைக்கு வருவதற்கு முன்னால் புதிதாக எதையும் அனுப்பக் கூடாது. அனுப்பினால் பூஜ்யம் போய்ப் பழைய மொத்தத்தின்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

பொருத்திய மூன்றாம் நாளே பலன். இரவு ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை, கதவு ஒருமுறைகூடத் திறக்காத நேரம், 85 வாட்டில் 30 நிமிஷம் ஓட்டம், 20 நிமிஷம் ஓய்வு, மறுபடி 30, மறுபடி 20. நாளுக்கு இரண்டு முறை 200 வாட்டில் இருபது நிமிஷ மேடு ஒன்று வருகிறது, அது பனி உருக்கும் ஹீட்டர், இயல்பானது. ஆனால் யாரும் திறக்காத இரவில் ஐந்தில் மூன்று பங்கு நேரம் ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், மேலே, நடுவே எல்லாம் பிடித்தது, கீழ் மூலையில் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு ரப்பர் அங்கே விறைத்து உள்ளே மடிந்திருந்தது. வெந்நீரில் நனைத்த துணியை ஒத்தடம் கொடுப்பதுபோல வைத்து வைத்து இளக்கி, இழுத்துவிட்டு, ஒரு இரவு அட்டையை முட்டுக் கொடுத்ததில் பழைய வடிவத்துக்கு வந்தது. அதற்கப்புறம் 20 நிமிஷம் ஓட்டம், 30 நிமிஷம் ஓய்வு. நாளுக்கு 1.4 யூனிட் ஆகிக்கொண்டிருந்தது, ஒன்றுக்கு இறங்கியது. மொத்த யூனிட் மட்டும் தெரிந்திருந்தால் ஃபிரிட்ஜ் பழசாகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பேன்.

ஆறு வாரம் நிம்மதி. பிறகு ஒரு நாள் யூனிட் கிராஃப் படுத்துவிட்டது. வாட் கிராஃப் எப்போதும்போல 85க்கும் 0க்கும் ஏறி இறங்குகிறது, மொத்தம் மட்டும் 48.9இல் நிற்கிறது. ஃபிரிட்ஜை இழுத்து மீட்டர் திரையைப் பார்த்தேன், அது 50ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. பல்ஸ் வராமல் வாட் கணக்கிட முடியாது, ஆகவே பல்ஸ் வருகிறது, கூட்டுவதில்தான் எங்கோ தப்பு. உற்றுப் பார்த்தால் அந்தப் படுத்த கோட்டில் அபூர்வமாகச் சின்னச் சின்ன ஏற்றங்கள், எல்லாம் வைஃபை அறுந்து சேர்ந்த நேரங்களில். பல்ஸ் எண்ணிக்கையாகப் போட்டுப் பார்த்தபோது எண் 1,67,77,216ஐ ஒட்டி இருந்தது. இரண்டின் 24ஆம் அடுக்கு அது. அந்த எண்ணைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

மொத்தத்தை நான் ஃபுளோட் (தசம எண்களை வைக்கும்) வகை மாறியில் வைத்திருந்தேன், யூனிட்டாக மாற்ற வசதி என்று. ஃபுளோட்டில் முழு எண்களை ஒன்றுவிடாமல் வைக்க 24 பிட் இடம்தான் உண்டு, அதற்குமேல் இரண்டிரண்டாகத்தான் எண்கள் இருக்கும். அந்த எல்லையில் ஒன்றைக் கூட்டினால் விடை மறுபடி அதே எண். நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஒவ்வொரு பல்ஸையும் வந்தவுடன் ஒன்று ஒன்றாகக் கூட்டியது, அதனால் ஒன்றுமே ஏறவில்லை. வைஃபை திணறி லூப் தாமதித்தபோது நாலைந்து பல்ஸ் சேர்ந்து வந்தது, அப்போது மட்டும் ஏறியது. எந்தப் பிழைச்செய்தியும் கிடையாது. 64 பிட் முழு எண்ணாக மாற்றி, திரையில் இருந்த எண்ணை வைத்து மொத்தத்தைச் சரிசெய்தேன். சோதனையில் இது ஏன் மாட்டவில்லை என்றால், 48.9 யூனிட் ஓட்டிப் பார்க்கும் சோதனையை யாரும் மேசைமேல் செய்வதில்லை. நீங்கள் இதைச் செய்வதாக இருந்தால் மொத்தத்தை 1,67,77,000 என்று கையால் போட்டுவிட்டு, 100 வாட் லோடில் ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் நிரலில் இந்தத் தப்பு இருந்தால் அந்த ஒரு நிமிஷத்திலேயே தெரிந்துவிடும்.

சரிசெய்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் சுத்தம் செய்ய ஃபிரிட்ஜை நகர்த்தியபோது ஒப்பிட்டுப் பார்த்தேன்: மீட்டர் திரையில் 143.27, வைஃபை கணக்கில் 143.24. மின்சாரம் போகும்போது கடைசியாக அனுப்பியதற்கும் அணைந்ததற்கும் இடையே எண்ணியது தொலையும், கம்ப்ரசர் ஓடும் நேரமானால் அது அதிகபட்சம் 0.0007 யூனிட். மீதி வித்தியாசம், போர்டு எழுந்து எண்ணத் தொடங்குவதற்குள் மீட்டர் எண்ணிவிட்ட பல்ஸும், நான் ஹீட்டரை வைத்துக் கண்ட 3,43,000இல் இருக்கும் சின்னப் பிசகும். அடுத்த முறை ஐந்து யூனிட் ஓட்டி அந்த எண்ணை மறுபடி அளக்கப் போகிறேன்.